கேட்காமல் பாடிய சர்வர்

மார்ச் 9, செவ்வாய்.

இன்று ஒரு சிறு தவறு. பழைய கணினிகளுக்கான இலகுவான லினக்ஸ் இயங்குதளத்துக்கு, கணினியில் உள்ள பாட்டுகளை ஓட்டும் ஒரு மியூசிக் சர்வரை, எளிதாக நிறுவும்படி பேக்கேஜாகக் கட்டினேன். கணினி தொடங்கியதுமே பாட்டும் தானாக ஓடும்படி விட்டுவிட்டேன்.

மாலை கணினி வகுப்பில் ஆசிரியர் தலையில் அடித்துக்கொண்டார். "கேக்காமலே பாடுறதை எவன்டா வீட்டுல வச்சுப்பான்? நாளைக்கே சரிபண்ணு."

சோதித்துப் பார்க்க அதை அக்காவின் கணினியிலும் நிறுவியிருந்தேன். வீட்டுப் படியேறும்போதே அவளுடைய பாட்டுகள் அலறின. கரண்ட் போய் வந்ததில் கணினி தானே கிளம்பியிருக்கிறது.

அக்காவின் அறை சாத்தியிருந்தது. வெளியே அம்மா இடுப்பில் கை வைத்துக் கத்திக்கொண்டிருந்தார். "எத்தனை தடவைடி சொல்றது? சத்தத்தைக் குறை! சாப்பாடு ஆறிப்போகுது, வந்து தொலை!"

"தப்பு என்னோடதும்மா. நான் போய் நிறுத்திடுறேன்" என்று கதவில் கை வைத்தேன்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம்டா. அவளைப் பாடையில தூக்கிட்டுப் போன நாள்லேருந்து இந்த ரூம்ல சத்தமே இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் திட்டிக்கிறேன்."

நாளைய வேலை: வகுப்புக்குத் தரும் பேக்கேஜில் பிழையைத் திருத்த வேண்டும். வீட்டுக் கணினியில் திருத்தக் கூடாது.