ஐந்து படி

நாலாயிரத்து எண்ணூற்று அறுபது ரூபாய். மூட்டை தூக்குகிறவர் நகராட்சிக்குக் கட்ட வேண்டிய வீட்டு வரி பாக்கி அவ்வளவுதான். ஆனால் இன்றைக்குப் பன்னிரண்டு மணிக்குள் அதைக் கட்டாவிட்டால், அவர் போட்ட மனு இந்த வருஷமும் பட்ஜெட்டில் ஏறாது.

பதினொன்றே முக்காலுக்கு அவர் மூச்சிரைக்க மாடியேறி வந்தார். வரி கட்டிய ரசீதை பட்ஜெட் பிரிவு கிளார்க் அம்மாவின் மேசையில் வைத்தார். தோளில் சாக்குத் தூசி அப்படியே ஒட்டியிருந்தது.

"வந்துட்டீங்களாண்ணே. இன்னும் கால் மணி நேரம்தான் இருக்கு" என்றார் கிளார்க் அம்மா.

நாலு வருஷமாக அதே மனுதான். நடக்க முடியாத மகள். நகராட்சிப் பள்ளிக்கூடத்து வாசலில் ஐந்து படி. சக்கர நாற்காலி ஏற ஒரு சாய்வுப் பாதை வேண்டும். மகளைத் தூக்கிக்கொண்டுபோய் மேலே உட்கார வைத்து, இறங்கி வந்து நாற்காலியைத் தூக்கி, அதற்கப்புறம்தான் மூட்டை தூக்கப் போவதாக முதல் வருஷமே அவர் சொல்லியிருந்தார்.

முதல் வருஷப் பணத்தைச் சாக்கடை தூர்வாரும் வேலை விழுங்கிவிட்டது. அடுத்த வருஷம் தலைவர் அறைக்கு ஏசி வந்தது, சாய்வுப் பாதை வரவில்லை. போன வருஷம் எல்லாம் கூடி வந்த நேரத்தில், மனு போட்டவர் வீட்டில் வரி பாக்கி இருக்கிறது என்று ஒரே கோடாக அடித்துவிட்டார்கள்.

இந்தத் தடவை கிளார்க் அம்மா விடுவதாக இல்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு விண்ணப்பத்தை வரி வரியாகப் பார்த்தார். வீடு மாறவில்லையே, பள்ளிக்கூடம் மாறவில்லையே என்று கேட்டார். இது தனி மனுவுக்கு ஒதுக்குகிற பணம். மனுவில் சொன்ன ஆள் அந்த இடத்தில் இல்லையென்றால் பணமும் இல்லை. ஆஸ்பத்திரிப் படிக்குக் கைப்பிடி கேட்ட பெரியவர் வேறு ஊருக்குக் குடிபோனார் என்று, கைப்பிடியையே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்தப் படியில் இன்னும் எத்தனையோ பேர் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறார்கள்.

"அதே வீடுதாம்மா" என்றார் அவர். "பள்ளிக்கூடமும் அங்கதான் இருக்கு."

வயது என்ற கட்டத்தில் கிளார்க் அம்மாவின் பேனா நின்றது.

"என்னண்ணே, போன வருஷமும் பதினொண்ணு, இந்த வருஷமும் பதினொண்ணா? உங்க பொண்ணுக்கு மட்டும் வயசே ஏறாதா?"

அவர் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டு நின்றார். மனுஷன் நாற்பது வயதுக்குமேல், மகளின் பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு எழுத்துக் கற்றவர். போன வருஷ மனுவைப் பார்த்து அப்படியே எழுதியிருப்பார் என்று நினைத்த கிளார்க் அம்மா, தானே பன்னிரண்டு என்று திருத்தினார்.

பிறகு ஒரு காரியம் செய்தார். குடிநீர்க் குழாய்க்கு எண்பது லட்சம், தார் ரோட்டுக்கு ஒன்றரைக் கோடி. இரண்டுக்கும் நடுவில் சாய்வுப் பாதையின் முப்பத்தெட்டாயிரத்தைச் செருகினார். பெரிய செலவுகளைப் பற்றிச் சண்டை போடுகிறவர்கள், இடையில் கிடக்கிற சின்னச் செலவைப் பார்க்கமாட்டார்கள். இருபது வருஷ பட்ஜெட் வேலையில் அவர் கண்ட உண்மை அது.

இரண்டு மணிக்கு நகர்மன்றம் கூடியது. மூட்டை தூக்குகிறவர் அன்றைய கூலியை விட்டுவிட்டு வராந்தா பெஞ்சில் கிடந்தார். உள்ளே தார் ரோட்டுக்காக ஒருத்தரை ஒருத்தர் கிழிகிழியென்று கிழிப்பது வெளியே கேட்டது. குழாய் யார் வார்டுக்கு என்று இன்னொரு ரகளை. ஒருவழியாக எல்லாக் கையும் உயர்ந்தபோது மணி ஐந்து.

கிளார்க் அம்மா வெளியே வந்தார்.

"பாஸாயிடுச்சுண்ணே."

"இனிமே யாரும் அடிக்க முடியாதில்ல?"

முடியாது என்றார் கிளார்க் அம்மா. தலைவரே வந்தாலும் முடியாதா என்று அவர் மறுபடி கேட்டார். மன்றம் கையெழுத்துப் போட்டபிறகு தலைவருக்கு அப்பன் வந்தாலும் முடியாது என்று சிரித்தார் கிளார்க் அம்மா. அப்போதுதான் அவர் தோள் சற்றுத் தளர்ந்து இறங்கியது.

நாளைக் காலையில் இன்ஜினீயர் அளவெடுக்க வருவார், நாற்காலியின் அகலம் பார்க்கவேண்டும், மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார் கிளார்க் அம்மா. நாலு வருஷமாக மனுவிலேயே பார்த்த பிள்ளையை ஒருதடவை நேரில் பார்க்க அவருக்கும் ஆசை.

"நாற்காலி வரும்மா" என்றார் அவர். "எங்க தெரு தையல்காரர் மகனும் நடக்க மாட்டான். இந்த வருஷம் அந்தப் பள்ளிக்கூடத்துலதான் சேர்றான். அவங்களுக்குத்தான் முந்தாநாள் வித்தேன். அந்தக் காசுலதான் பாக்கியைக் கட்டினேன்."

கிளார்க் அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நாற்காலியை விற்றுவிட்டால் உங்கள் பொண்ணு எதில் வருவாள் என்று கேட்டார்.

அவர் ரசீதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அவ போய் எட்டு மாசமாச்சும்மா."