இரண்டு பேருக்கான பல்சக்கரம்

“இதுல ஏங்க ஒரே ஒரு சீட்டு?”

“ரெண்டு பேர் ஏறினா கிளட்ச் கருகிடும்டி. அதுலயும் நீ ஏறினா எஞ்சின் அழுதுடும்.”

என் கணவர் வீட்டிலேயே கோ-கார்ட் என்ற குட்டிப் பந்தய வண்டியைச் செய்துகொண்டிருந்தபோது நாங்கள் பேசியது இது. வாய்வரை வந்த ஆசையை விழுங்கிக்கொண்டு, அவர் கேட்ட ஸ்பானரை மட்டும் எடுத்துக் கொடுத்தேன்.

அவர் இறந்த பிறகு அந்த வண்டியை நான் தனியாக ஓட்டுகிறேன். மூன்றே மாதத்தில் இரண்டு கிளட்ச் கருகிவிட்டன.

“தனியா ஓட்டுறேன்னு பொய் சொல்லாதீங்கக்கா, யாரை ஏத்திக்கிட்டுச் சுத்துறீங்க?” என்று சிரித்த மெக்கானிக், என்னை உட்காரவைத்தே வண்டியை எடை போட்டார். வண்டி எழுபது கிலோ, நான் ஐம்பத்தெட்டு. தராசு இருநூறு காட்டியது.

“தராசு மக்கர் பண்ணுதுக்கா.”

என் கணவரின் எடை எழுபத்திரண்டு என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

“ரெண்டு பேரை இழுக்குற மாதிரி, பின்னாடி பெரிய பல்சக்கரமாப் போட்டுடுங்க” என்றேன்.

இன்று வண்டி துளிப் புகையில்லாமல் கிளம்பியது. தெருமுனையில் நிறுத்தினேன். ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டு, சீட்டில் ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தேன்.

“என்னையும் ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போங்களேன்.”