ஐநூறு கிராம்

"ஐநூறு கிராமா? ரெஹான், நீ உடம்பைப் பத்தி எழுதறியா, கத்திரிக்காய் வாங்கப் போறியா?"

சாருலதா கேட்டதும் ஆபீஸே சிரித்தது.

தி.நகரில் ஆறு பேர் வேலை பார்க்கும் டிராவல்ஸ் ஆபீஸ். ஒரு மாதத்தில் சொன்ன இலக்கை எட்டுகிறவருக்குக் கப்பு என்று மேனேஜர் பத்ரிநாராயணன் அறிவித்து, எடை மெஷினும் வாங்கிப் போட்டுவிட்டார். எல்லாரையும் ஏற்றி எடை பார்த்தாயிற்று. சுவரில் 'எடை இலக்கு' என்று ஒரு சார்ட். அவர் தனக்குப் பன்னிரண்டு கிலோ எழுதினார். சங்கரன் பத்து. சார்ட்டுக்குப் பொறுப்பான சாருலதா எட்டு. எழுதுவதற்கு என்ன, கை தாராளமாகத்தான் போயிற்று.

வேலைக்குச் சேர்ந்து மூன்றே வாரமான ரெஹான் மட்டும் ஐநூறு கிராம்.

"அஞ்சு கிலோவாவது போடுடா. மானம் போறது."

"முடியாதுக்கா. ஒரு நாளைக்கு இருபது கிராம்தான் எதிர்பார்க்கலாம்னு டாக்டரே சொல்லிட்டார். அது நடந்தாலே போதும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அரைக் கிலோவுக்கா இந்த அமர்க்களம் என்று சாருலதாவுக்கு எரிச்சல் வந்தது.

அன்றிலிருந்து அவன் ஓரிடத்தில் உட்காரவில்லை. நிமிஷத்துக்கு ஒரு தடவை போனைப் பார்ப்பான். காலையில் ஒரு சின்ன ஐஸ் பையைக் கொண்டுவந்து ஃப்ரிட்ஜில் வைப்பான். நாலு மணிக்கு அதைத் தூக்கிக்கொண்டு பைக்கில் மயிலாப்பூர் பக்கம் பறப்பான். ஐந்தரைக்குத் திரும்பி வந்து சார்ட்டில் எழுதுவான். இருபது. பதினைந்து. இருபத்தைந்து.

"இன்னா நைனா, மெஷின்ல ஏறவே காணோம், நம்பர் மட்டும் எழுதிக்கினு கீற?" என்றான் சங்கரன்.

"அங்க வேற மெஷின்ல பார்த்துட்டேன்."

"எங்க, ஜிம்முலயா?"

மத்தியானம் சாப்பிடாத பசியில் ரெஹான் போண்டாவைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"பையில ஃபலூடா வச்சிக்கினு கீறான்" என்று சங்கரன் கண்ணடித்தான்.

பதினோராம் நாள், 'முப்பது குறைவு' என்று எழுதினான். சங்கரன் கைதட்டினான். ரெஹான் பேனாவைப் போட்டுவிட்டு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். வெளியே வரும்போது கண் சிவந்திருந்தது.

"குறைஞ்சா கொண்டாடணும். நீ ஏன் அழறே?"

அவன் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். சரியான நாடகக்காரன் என்று சாருலதா முடிவு கட்டினாள்.

மாதக் கடைசி வந்தது. பத்ரிநாராயணன் ஒன்றரைக் கிலோ ஏறியிருந்தார். சங்கரன் அப்படியே இருந்தான். சாருலதா மெஷின் பக்கம் போய்ப் பத்து நாளாகிறது. கப்பை யாருக்குக் கொடுப்பது என்று பேசிக்கொண்டிருந்தபோது, வியர்த்து விறுவிறுக்க ஓடிவந்த ரெஹான் நேராகச் சார்ட்டுக்குப் போய், 'ஐநூறு' என்று எழுதி வட்டம் போட்டான்.

"ஏறு மெஷின்ல!" சாருலதா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

எழுபத்து மூன்று. முதல் நாள் எழுபத்தொன்று.

"ரெண்டு கிலோ ஏறியிருக்கே! யாரை ஏமாத்தறே?"

ரெஹான் சிரித்தான், கூடவே அழுதான். போனை நீட்டினான்.

ஆஸ்பத்திரி எடைத் தட்டில் ஒரு துண்டு. அதற்குள் கம்பளிக் குல்லாவோடு உள்ளங்கை அகல முகம். பக்கத்தில் எண்: 1800.

"குறைமாசம்க்கா. நீங்க சார்ட் மாட்டின அன்னைக்கு ஆயிரத்து முந்நூறு கிராம். இன்னும் ஐநூறு ஏறினாத்தான் வீட்டுக்கு அனுப்புவோம்னாங்க. வீடு வந்து சேர்ற வரைக்கும் வெளியே சொல்லாதே, கண்ணு படும்னு எங்க அம்மி சொல்லிட்டாங்க. பையில எடுத்துட்டுப் போனது என் பொண்டாட்டியோட பால். நாளைக்குக் கூட்டிட்டுப் போகலாமாம்க்கா!"

சாருலதாவுக்கு அவன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. சட்டையை விட்டாள்.

"பேரு?"

"சிம்ரா."

சாருலதா மேனேஜர் பக்கம் திரும்பினாள்.

"சார், கப்புல சிம்ரான்னு போடுங்கோ. இந்த ஆபீஸ்ல சொன்ன எடையை எட்டினது அவ ஒருத்திதான்."