நீதிமன்றச் சுவரில் ஒரு வெற்றிடம்

நீதிமன்றத்தின் முகப்புச் சுவரில், அரசமைப்புச் சட்டத்தின் முகவுரையைக் கறுப்பு வண்ணத்தில் எழுதிக்கொண்டிருந்தான் நிரோஜன். சட்டக் கல்லூரியில் முதல் மாணவனாகத் தேறியவன். ஆனாலும், இந்நாட்டுக் குடிமகன் அல்லன் என்று சொல்லி, வழக்கறிஞராகப் பதிவு செய்ய மறுத்துவிட்டார்கள். பெற்றோர் ஈழத்திலிருந்து படகேறி வந்தவர்கள். அவன் பிறந்ததோ இங்குள்ள அகதி முகாமில். கண்டேயிராத தீவு அவனுக்குத் தாய்நாடாம்! கண்விழித்த மண் அந்நியமாம்! பள்ளி மேடையில் இதே முகவுரையை முழங்கிப் பரிசு வாங்கிய நாளில் அவன் உடல் சிலிர்த்தது. இன்றும் அந்த வரிகள் அவனுக்குப் பிடித்திருந்தன; அதனாலேயே அவை சுட்டன.

“வக்கீலய்யா, முதல் வரியிலயே ஒரு வார்த்தைய முழுங்கிட்டீங்களே!” என்று கீழிருந்து கேலி பேசினார் பெயிண்ட் மேஸ்திரி முனிரத்தினம்.

‘இந்திய மக்களாகிய’ என்பதற்கு அடுத்து ஒரு சொல்லுக்கான இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

“முழுங்கலண்ணே. அங்க ‘நாம்’னு எழுதணும். அந்த நாம்ல நான் இருக்கேனா?”

“டேய், மூணு மணிக்கு மந்திரி வர்றாரு. எழுதலேன்னா நாளையிலேருந்து உனக்கு வேலை கிடையாது.”

“வக்கீல் வேலையப் பறிச்சாச்சு. இதையும் பறிச்சுக்குங்க. அந்த ‘நாம்’க்குள்ள இருக்கிறவங்க யாராச்சும் வந்து எழுதட்டும்.”

நிரோஜன் இறங்கி வந்து தூரிகையை நீட்டினான். அதைப் பிடுங்கிக்கொண்ட மேஸ்திரி, ஏணியின் முதல் படியில் கால் வைத்தார், ஏறவில்லை. தெருமுனையில் மந்திரியை வரவேற்கும் வேட்டுச் சத்தம் கேட்டது. உயர்த்திய தூரிகையிலிருந்து கறுப்பு வண்ணம் அவர் முழங்கை வழியே ஒழுகிக்கொண்டிருந்தது.