விளக்கு வைத்த பின்

பூங்கோதை மருந்துச் சட்டியைத் திறந்தாள்; உள்ளே பளிச்சென்று காலியாக இருந்தது. கணவன் தயாபரன் அதைக் கொதிநீர் ஊற்றிக் கழுவி வைத்திருந்தான். தயிருக்கு உறை போல, மகள் இனியாளின் வலிப்பு மருந்தைத் தினமும் ஆக்கித் தரும் நொதி ஒரு சொட்டுகூட மிச்சமில்லை.

"அழுக்குன்னு நினைச்சேன்டி!"

இனியாள் இரவு ஏழரைக்கு மருந்து குடித்தாக வேண்டும். இப்போது மணி ஆறரை. புது உறை ஊற்றினால் மருந்தாக முக்கால் மணி நேரம் ஆகும்.

தெருவில் அதே மருந்து ஆக்குவது எதிர்வீட்டுத் திலகா மட்டும்தான். பூங்கோதை கிண்ணத்தோடு ஓடினாள்.

"அக்கா, ஒரு ஸ்பூன் நொதி உறை குடுங்க. இனியாளுக்கு!"

திலகா வாசலை மறித்து நின்றாள். அவள் பின்னால் பூஜை அலமாரியில் விளக்கு எரிந்தது.

"போன மாசம் எங்க வீட்டுக்காரருக்காக நான் உறை கேட்டு வந்தப்ப என்ன சொன்னே?"

பூங்கோதை தலை குனிந்தாள். "விளக்கு வச்சாச்சு, உறை வெளியே போகக் கூடாதுன்னு..."

"அன்னிக்கு அவர் வலிப்பு வந்து விழுந்து பல் உடைஞ்சுது."

"தப்புதான்க்கா."

திலகா உள்ளே போனாள். ஒரு பூவை எடுத்து விளக்கைக் குளிர வைத்தாள்; சுடர் அணைந்தது.

"எங்க வீட்ல இன்னும் விளக்கு வைக்கலை. கிண்ணத்தை நீட்டுடி."