டோகாவில் கபோ சந்தை

பிருந்தாபன் கத்திய கத்தலில் ஹோட்டல் காவலாளி மூச்சிரைக்க ஓடிவந்துவிட்டான். அறைக்குள் யாரோ யாரையோ வெட்டப் போகிறார்கள் என்றே அவன் நினைத்திருக்க வேண்டும். கதவைத் திறந்து பார்த்தால், ஓர் இலங்கை இளைஞன் கையை வீசி வீசி, அங்கே இல்லாத மீனை விற்றுக்கொண்டிருந்தான்.

அது வேலைக்கு ஆள் எடுக்கும் இடம். கட்டாரில், டோகா நகரத்துப் பொழுதுபோக்கு வளாகம் ஒன்றில் புதிய பகுதி திறக்கப் போகிறார்கள். பாலைவனத்தில் பனிமலை போட்டாயிற்று, படகு ஓட வாய்க்கால் வெட்டியாயிற்று. அதுவும் போதாமல், இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோ நகரத்துக் கபோ சந்தையை அச்சு அசலாகக் கட்டி, உள்ளே சாப்பாட்டுக் கடைகளைத் திறக்கிறார்களாம்.

சந்தை என்றால் கூவி விற்க ஆள் வேண்டும். அந்த ஆளைப் பிடிக்கத்தான் வட இத்தாலியின் மிலானோவிலிருந்து ஒரு பெண் பலெர்மோவுக்கு வந்து, பொலிதேயாமா அரங்குப் பக்கத்து ஹோட்டலில் அறை எடுத்திருந்தாள்.

பிருந்தாபன் இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்குப் பலெர்மோவிலேயே பிறந்தவன். மீசை அரும்பிய காலத்திலிருந்து கபோவில் மீன் கடையில் நிற்கிறான். அவன் மனைவி கேசினியின் தங்கை சயந்தினி அந்த டோகா வளாகத்தில் ஐஸ்கிரீம் விற்கிறாள். இந்த வேலைக்கு வீடும் குடும்ப விசாவும் உண்டென்று அவள் சொன்ன நாளிலிருந்து கேசினி மனதுக்குள் பெட்டி அடுக்கத் தொடங்கிவிட்டாள்.

வெளியே வரிசையில் நின்ற பக்கத்துக் கடை சல்வோவுக்கு இதெல்லாம் பொறுக்கவில்லை.

“எப்போதிருந்து சிலோன்காரன் பலெர்மோக்காரன் ஆனான்?” என்று எல்லோரும் கேட்கச் சொன்னான். பிருந்தாபன் சுத்தமான சிசிலி மொழியில் திருப்பிக் கொடுத்தான். அதை அச்சில் போட முடியாது.

அறைக்குள் அவன் மீன் கூவியதை மிலானோக்காரி கண்ணை இறுக மூடிக்கொண்டு கேட்டாள். அவன் முடித்ததும் கைதட்டினாள்.

“அற்புதம்! என்ன சொன்னீர்கள்?”

“மீன் இன்னும் துடிக்கிறது, வந்து பாருங்கள் என்றேன், சிஞ்ஞோரா.”

“உங்கள் சிசிலி மொழி எனக்கு ஒரு சொல்லும் விளங்காது. பரவாயில்லை, அங்கே மட்டும் யாருக்கு விளங்கப் போகிறது? ராகம்தான் வேண்டும். உங்கள் குரல்தான் இனி எங்கள் கபோ!”

பிருந்தாபனுக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. “பயணம் எப்போது, சிஞ்ஞோரா?”

“பயணமா?” அப்போதுதான் கண்ணைத் திறந்து அவனை மேலும் கீழும் பார்த்தாள். “குரலைப் பதிவு செய்தால் போதும். கடையில் நிற்க மிலானோவில் ஒரு நடிகர் இருக்கிறார். அவர் வாயசைப்பார்.”

“ஏன், நான் நின்றால் என்ன?”

“தப்பாக நினைக்காதீர்கள். அங்கே வருகிறவர்கள் இத்தாலியனைப் பார்க்கக் காசு கொடுக்கிறார்கள். உங்களைப் போன்றவர்கள்தான் அங்கே மேசை துடைக்கிறார்கள்.”

அவனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பிறந்த ஊரின் குரல் வேண்டுமாம், அந்தக் குரல் வருகிற முகம் வேண்டாமாம். சல்வோ சொன்னதையே இவள் சிரித்துக்கொண்டு சொல்கிறாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

“சரி. இப்போதே பதிவு செய்யுங்கள்” என்றான்.

தொண்டை நரம்பு புடைக்கக் கூவினான். “முன்னதைவிட இதுதான் உயிரோட்டம்!” என்று அவள் மறுபடியும் கைதட்டினாள்.

வீட்டில் கேசினி கைதட்டவில்லை.

“ஆள் வேண்டாமெண்டு மூஞ்சைக்கு நேரை சொன்னவளுக்கு, தொண்டை கிழியக் கத்திக் குடுத்திட்டு வாறியளே! உங்களுக்கு ரோசம் எண்டு ஒண்டு இருக்கோ?”

“குரலைத்தானே கேட்டவள். குடுத்தனான்.”

“நாலு அறை அறைஞ்சிட்டு வந்திருந்தாலும் எனக்கு மனம் ஆறியிருக்கும். சல்வோ இனிச் சந்தை முழுக்கச் சொல்லிச் சிரிப்பான். இஞ்சாருங்கோ, இனி என்னோடை கதைக்காதேங்கோ!”

சொன்னபடியே செய்தாள். சோற்றுக் கோப்பையை மேசையில் டக்கென்று வைப்பதுதான் அவர்களுக்குள் நடந்த பேச்சு. அவனும் சாப்பிட்டுவிட்டு, கபோ ராகத்தை முணுமுணுத்தபடி கடைக்குப் போய்விடுவான்.

டோகாவில் அந்தச் சந்தை திறந்த அன்று சயந்தினி வீடியோவில் அழைத்தாள்.

“அக்கா, அத்தானையும் கூப்பிடு. இதைப் பாருங்கோ!”

கேசினி வேண்டாவெறுப்பாகப் பார்த்தாள். கோடு போட்ட ஏப்ரனும் ஒட்டு மீசையுமாக அந்த நடிகன் வாயைத் திறந்து திறந்து மூடினான். சுற்றிலும் வெள்ளைக்காரரும் அரபிகளும் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள், ராகத்துக்குத் தாளம் போட்டார்கள். ஆனால் மேசை துடைக்கிற பெடியன்களும் தட்டுத் தூக்குகிற பெட்டைகளும் தூணைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“ஏன்டி உவையள் இப்பிடிச் சிரிக்கினம்? என்ரை மனுசன்ரை குரல் அவையளுக்குப் பகிடியோ?” கேசினிக்குக் கண் கலங்கிவிட்டது.

“ஐயோ அக்கா, சத்தத்தைக் கூட்டிக் கேளன்!”

கேசினி சத்தத்தைக் கூட்டினாள். கபோ சந்தையின் அதே ராகத்தில், ஆனால் சுத்தமான தமிழில், பிருந்தாபனின் குரல் வளாகம் முழுக்க அதிர்ந்தது:

“வாங்கோ சனங்களே, கள்ளரின்ரை கடைக்கு வாங்கோ! மீனும் நாறல், ஆளும் பொய்!”