பூங்கோதை ஜெயித்த வழக்கு

கட்டட விதிகளைத் திருத்தி அரசு பொறியாளர்களின் உரிமக் கட்டணத்தை உயர்த்தியது செல்லாது என்று பிற்பகலில் தீர்ப்பு வந்தது. மூன்று வருடம் அலைந்து அந்த வழக்கை நடத்திய பூங்கோதை, கோர்ட்டிலிருந்து திரும்பியபோது தான் குடியிருக்கும் கட்டடத்தின் லிப்ட் நின்றிருப்பதைக் கண்டாள். அந்தக் கட்டடத்துக்குக் கையெழுத்திட்ட பொறியாளரும் அவள்தான். கையெழுத்திட்டவரின் உரிமம் செல்லுபடியாகும் வரைதான் இப்போதெல்லாம் எந்த லிப்டும் ஓடும்.

டயாலிசிஸ் முடித்து வந்த மாமனார் மாரப்பன், லிப்ட் வாசலில் சக்கர நாற்காலியில் சாய்ந்திருந்தார். வீடு எட்டாம் மாடியில்.

"ஏனுங் அம்மிணி, கேசு ஜெயிச்சுட்டீங்களாமா? அப்பறம் லிப்டு ஏன் ஓடலைங்க?" என்றாள் ஆறாம் மாடி சரோஜா.

பூங்கோதை பொறுமையாக விளக்கினாள். "உயர்த்துன கட்டணம் செல்லாதுங்க்கா. அதைக் கட்டி வாங்குன என்னோட உரிமமும் செல்லாதுன்னு ஆயிருச்சு."

"அப்பப் பழைய கட்டணத்தையே கட்டிப்போடுங்க."

"பழைய விதியை எடுத்துட்டுத்தானுங்க்கா புதுசு போட்டாங்க. இனி வேற விதி வர்ற வரைக்கும் எதையும் வாங்கமாட்டாங்களாம்."

"நல்லா ஜெயிச்சீங்க, போங்க," என்று சரோஜா படியேறினாள்.

மாரப்பன் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "தூக்கிட்டுப் போக நாலு பேரைக் கூப்புட்டுறாத சாமி. அதுக்கு இன்னம் நாளிருக்குது."

அவள் அவர் காலருகே தரையில் உட்கார்ந்து வக்கீலை அழைத்தாள். அவர் வாழ்த்தி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டாள்.

"அவங்க அப்பீல் போவாங்களா சார்? போனா, நாம தோக்கறதுக்கு என்ன பண்ணணும்?"